காருக்கு ஒரு மூச்சுக்குழாய்

அக்டோபர் 6, திங்கள்

எடை 59.8. தண்ணீர் 650 மி.லி.

இந்த நோட்டைப் போடச் சொன்னது டயாலிசிஸ் பிரிவின் ஸ்டெல்லா சிஸ்டர். தினமும் காலையில் அவருடைய எடை, குடித்த தண்ணீர், இரண்டையும் எழுதி வரவேண்டுமாம். மீதி இடம் வீணாகப் போகிறதே என்று நான் மற்றதையும் எழுத ஆரம்பித்தேன். அவர் இதைப் படிப்பதில்லை. "என் எடை எனக்குத் தெரியாதா" என்பார்.

அவர் என்பது என் கணவர் குணாளன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தார். சிறுநீரகம் இரண்டும் போய் நாலரை வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. காரை நான்தான் ஓட்டுகிறேன்.

சென்ற டிசம்பரில் ரயில்வே சப்வேயில் கார் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வியாழன் டயாலிசிஸ் போயிற்று, சனியும் போயிற்று. ஞாயிறு அன்று ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. ஒன்பது நாள் ஐ.சி.யூ. இதயம் பாதி வலுவில்தான் வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றார்கள். எல்லாம் அந்தக் காரால் வந்தது.

எங்கள் நகர் ஏரிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. வெளியே போக இரண்டே வழிதான், சப்வே அல்லது ஏரிக்கரை ரோடு. மழை வந்தால் இரண்டும் நிரம்பும்.

இன்று மெக்கானிக் மொய்தீன் பாய் பானெட்டைத் திறந்து காட்டினார். கார் காற்றை இழுக்கும் வாய் இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. "இங்க தண்ணி வந்துச்சுன்னா இன்ஜின் தண்ணியத்தாம்மா இழுக்கும். அதோட கதை முடிஞ்சுது."

அந்த வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்டால்?

பாய் அந்த வாயிலிருந்து கார்க் கூரை வரை கையால் சாண் போட்டார். பிறகு, "ஜீப்புக்குப் பண்றாங்க" என்றார்.

அக்டோபர் 8, புதன்

எடை 59.1. தண்ணீர் 700.

வேலை பார்க்கும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கார் உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் கூம்பு மாதிரி சிவப்பு ஃபில்டர் ஒன்றை எடுத்து வைத்து, "இதப் போட்டா வண்டி பறக்கும் மேடம், சத்தமே வேற" என்றான். அதுவும் இன்ஜினுக்குப் பக்கத்தில் திறந்த வாயோடு கீழேதான் உட்காருமாம். எனக்குப் பறக்க வேண்டாம், நனையாமல் இருந்தால் போதும் என்றேன். இரண்டாவது கடையில் உயரமான குழாய் இருந்தது, பெரிய ஜீப்புகளுக்கு மட்டும். "இந்த வண்டிக்கு யாரும் செய்றதில்ல மேடம். இந்த மாதிரி வண்டி வாங்கறவங்க தண்ணிக்குள்ள போறதில்ல." மூன்றாவது கடைக்காரர் இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னார்.

தேடினேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒன்று போட்டிருந்தது. ஆர்டர் செய்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

எடை: போகும்போது 60.3, வரும்போது 58.1.

மருத்துவமனையில் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று நின்று வரும். மூன்றாவது மாடியில் ரத்தப் பரிசோதனை லேப். நான் எப்போதும் படியில்தான் ஏறுவேன். நடந்தால் நல்லதுதானே.

வரும் வழியில், "அக்கா போன் பண்ணினா" என்றார். சிக்னல் விழுந்துவிட்டது. வண்டியை எடுத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எடை: 60.6, 58.2.

பார்சல் வந்தது. கறுப்பு பிளாஸ்டிக், பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அவர்தான் பிரித்தார். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தார், பிறகு மறு முனையில் பார்த்தார். வாயை வைத்து ஊதினார்.

"மங்கை, இதுல ஓட்டையே இல்ல."

அலங்காரத்துக்காம். இரட்டைப் பக்க டேப்பால் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று உள்ளே காகிதம் இருந்தது. அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, முதுகைத் தடவிக்கொடுத்து அடங்கக் கால் மணி நேரமாயிற்று. அவர் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று யோசித்தேன்.

அக்டோபர் 15, புதன்

எடை 59.0. தண்ணீர் 700.

நான் என்ன முட்டாள். பதினாறு வருஷமாகப் பைப் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் எந்த வளைவில் போகும் என்று கொத்தனாருக்கே சொல்லிக்கொடுக்கிறவள். காற்றும் அப்படித்தானே போகும்?

காரின் பழைய வாயை அளந்தேன். மூன்று அங்குலக் கழிவுநீர்ப் பைப் பொருந்தும். ரப்பர் வளையத்தோடு வருகிற ரகம், மூட்டில் ஒழுகாது. எல்போ போட்டால் காற்று முட்டிக்கொண்டு திரும்பும், அதனால் நீண்ட வளைவாக இரண்டு பெண்ட். கடையிலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். அவருக்கு அரை டம்ளர், எனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர்.

அக்டோபர் 19, ஞாயிறு

எடை 59.3. தண்ணீர் 600. (வெயில் இல்லை.)

நாள் முழுக்க மொய்தீன் பாய் ஷெட். முன் சக்கரத்துக்கு மேலே தகட்டில் ஓட்டை போட வேண்டும். சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு பாய் என்னைப் பார்த்தார்.

"போட்டுட்டா திரும்ப மூட முடியாதும்மா. கம்பெனி வண்டியாவே இருக்காது. நாளைக்கு விக்கப் போனாலும் கேப்பான்."

"போடுங்க பாய்."

"சார் கிட்ட கேட்டீங்களா?"

"அவருக்காகத்தானே."

போட்டார். தகடு அறுபடும் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. குழாய் ஓட்டை வழியே வெளியே வந்து, கண்ணாடி ஓரமாக ஏறி, கூரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. வாயில் மழைத் தண்ணீர் விழாமல் கவிழ்த்த வளைவு. பார்க்க நன்றாக இல்லை. மாடி வீட்டிலிருந்து செப்டிக் டாங்க் காற்றுக் குழாய் இறங்கி வந்து காரில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எடை 60.1. தண்ணீர் 750. அவர் ஒரு முறுக்கு தின்றார், அதில் உப்பு.

பரங்கிமலையிலிருந்து திலகவதி அண்ணி, அதாவது அவருடைய அக்கா, கூரியரில் இனிப்பு அனுப்பியிருந்தார். எறும்பு வரும் என்று மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

எடை 59.4. தண்ணீர் 700.

பாய் ஒரு சோதனை சொன்னார். இன்ஜின் ஓடும்போது குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் மூட வேண்டும். காற்று வேறு எங்கிருந்தும் வரவில்லை என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காவிட்டால் எங்கோ ஓட்டை. காற்று நுழையும் ஓட்டையில் தண்ணீரும் நுழையும்.

ஸ்டூல் மேல் ஏறி மூடினேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. திரும்ப மூடினேன். ஓடியது. இன்னொரு தடவை. ஓடியது. கையில் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது. பாய், "விடும்மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் மழை வந்துவிட்டால் என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அக்டோபர் 28, செவ்வாய்

எடை: 60.9, 58.4.

வரும் வழியில் பிளாஸ்டிக் வாடை. பானெட்டைத் திறந்தால், இன்ஜின் பக்கம் இருந்த பெண்ட் சூட்டில் இளகித் தொங்குகிறது. நான் விற்கிற பைப் வெந்நீருக்கு ஆகாது என்று வாடிக்கையாளரிடம் தினமும் சொல்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்திருக்கிறேன்.

ரோட்டோரத்தில் நின்று அழுதேன். அவர் உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பார்த்திருக்க மாட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

எடை 59.2. தண்ணீர் 650.

இன்ஜின் பக்கம் முழுக்கத் தடித்த ரப்பர் ஹோஸ் போட்டு, இரண்டு முனையிலும் இரட்டை கிளிப். ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை இருந்ததைப் பாய் கண்டுபிடித்தார். உள்ளே சேரும் ஈரம் வடிய கம்பெனியே விட்டது. அதை அடைத்தோம்.

ஸ்டூல் மேல் ஏறி வாயை மூடினேன். உள்ளங்கையை உள்ளே இழுத்தது. இன்ஜின் திணறியது, குலுங்கியது, நின்றது.

பாய் கைதட்டினார். எனக்குத்தான் என்னவோ கையை உடனே எடுக்க வரவில்லை. அந்தத் திணறலைப் போன வருஷம் ஆம்புலன்ஸில் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

எடை 59.1. தண்ணீர் 600.

சாப்பிடும்போது ஆரம்பித்தார். "மங்கை, மழை வர்றதுக்கு முன்னாடியே அக்கா வீட்டுக்குப் போயிடலாம். ரெண்டு மாசம். அது மேடு. ஆஸ்பத்திரிக்குப் போற வழில தண்ணியே நிக்காது."

"கார்தான் ரெடியாயிடுச்சே" என்றேன்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னேன்" என்றார். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சொன்னார்தான். போன வருஷம் புயல் வருவதற்கு முதல் நாள் சொன்னார். நான் போகவில்லை. எழுதிவிட்டேன், போதும்.

ஏன் என்றால், நாலு வருஷத்துக்கு முன் அண்ணி சிறுநீரகம் தருகிறேன் என்றார். பரிசோதனையில் பொருந்தியது. தேதியும் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார். எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "உங்க தம்பிய நீங்களே கொன்னுட்டீங்களே, திருப்தியா?" அவர் திரும்பிப் போனார். அந்த வீட்டு வாசலில் நான் எந்த முகத்தோடு போய்ப் பெட்டியை வைப்பது?

நான் கொடுத்திருப்பேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கொடுக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 9, ஞாயிறு

எடை 59.0.

இரவு முழுக்கப் பெய்து, காலையில் மைதானத்துக்குப் பின் தெருவில் முழங்கால் தண்ணீர். தனியாக எடுத்துக்கொண்டு போனேன். முதல் கியர். பாய் சொன்னபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. தண்ணீர் ஹெட்லைட்டைத் தொட்டது. இன்ஜின் நிற்கவில்லை! போனேன், திரும்பினேன், இன்னொரு தடவை போனேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினேன். யாரோ மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாயிடம் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. "பைப் வெச்சா வண்டி படகாயிடாதும்மா. ஸ்டீயரிங் லேசானா சக்கரம் தரைய விட்டுடுச்சுன்னு அர்த்தம். அங்கயே நின்னுடணும். கண்ணாடியக் கீழ எறக்கியே வெச்சுக்கோங்க, கதவு தொறக்காது."

நவம்பர் 12, புதன்

எடை 58.9. தண்ணீர் 700.

கடைத் தெருவில் இலவச மருத்துவ முகாம். முதலாளி எல்லோரையும் போகச் சொன்னார். எனக்குச் சர்க்கரை 92. வீட்டில் சொல்லவில்லை.

நவம்பர் 29, சனி

எடை: 60.7, 58.2.

புயல் சின்னம் என்கிறார்கள். ஸ்டெல்லா சிஸ்டர், "செவ்வாய்க்கிழமை எப்படியாவது வந்துடுங்கம்மா, அவர் ஹார்ட்டுக்கு ஒரு நாள் தள்ளினாலும் தாங்காது" என்றார். வருவோம் என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

எடை 59.0. தண்ணீர் 500. மழை.

அவர் அக்காவிடம் பேசியது காதில் விழுந்தது. "அவ வரமாட்டா. விடு. எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

டிசம்பர் 1, திங்கள்

எடை 60.2. தண்ணீர் 450.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கலங்கல் வழிகிறது. பகல் பன்னிரண்டுக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இப்பப் போனா போயிடலாம். கரை ரோட்டுல கணுக்கால் தண்ணிதான். வா, போயிடலாம்."

"நாளைக்குப் போனாலும் போகும். அதுக்குத்தானே ரெண்டு மாசமா..."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அடுத்த அரை மணியில் போன் இரண்டும் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டன.

டிசம்பர் 2, செவ்வாய்

எடை காலையில் 61.3. தண்ணீர் 200.

இதைப் பரங்கிமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழரைக்குக் கிளம்பினோம். அவருக்கு இரண்டு படி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. சப்வே கூரை வரை தண்ணீர், ஆகவே கரை ரோடு. திருப்பத்தில் ஒருவர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். "போகாதீங்கம்மா! இடுப்புத் தண்ணி!" அவருக்குப் பின்னால் நாலைந்து கார்கள் கோணல் மாணலாக நின்றன. எல்லாம் என் காரை விடப் பெரியவை.

முதல் கியரில் இறங்கினேன். தண்ணீர் பானெட் மேல் ஏறியது. இரண்டு பக்கமும் அலை. காலடியில் சில்லென்று நுழைந்து பெடல் வரை வந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தலைக்கு மேல் குழாய் காற்றை இழுக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு இருமினார்.

பாதி தூரத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது, வண்டி தன் இஷ்டத்துக்கு ஏரிப் பக்கம் நகர்கிறது. நிற்க வேண்டும் என்று பாய் சொன்னது ஞாபகம் இருந்தது. நிற்கவில்லை. நின்றால் எங்கே போவது? மிதித்தேன்.

"மங்கை" என்றார். "மங்கை, போதும்."

இடது சக்கரம் எதிலோ இடித்தது. ரோட்டோரக் கல்லாக இருக்க வேண்டும். அந்த இடியில் வண்டி நேராகி, தரை பிடித்து, ஏறியது. மேட்டில் வந்து நின்றபோது இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

மருத்துவமனை கேட் மூடியிருந்தது. வாட்ச்மேன் மட்டும் இருந்தார். "ஜெனரேட்டர் ரூம்ல தண்ணி பூந்துடுச்சும்மா. மிஷின் எதுவும் ஓடல. நேத்து மத்தியானமே எல்லாருக்கும் போன் பண்ணாங்களே? வேன் வெச்சு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சாங்களே?"

காரில் சார்ஜ் ஏறி எங்கள் போன் இரண்டும் அப்போதுதான் உயிர் பெற்றன. தவறிய அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஆறு.

அவர் சீட்டைச் சாய்க்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். என்னைத் திட்டவில்லை. திட்ட மூச்சு இல்லையோ என்னவோ. அந்த வாசலில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அவர் போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டேன்.

"சொல்லுடா" என்றது குரல்.

"அண்ணி, நான் மங்கை."

எதிர்ப்பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரி மூடிட்டாங்க அண்ணி. அவருக்கு..."

"மூச்சு வாங்குதா?"

"ம்."

"பேசிக்கிட்டு நிக்காத. வா."

டிசம்பர் 3, புதன்

எடை 61.9. தண்ணீர்: உதட்டை நனைத்ததோடு சரி.

இங்கே பக்கத்து மருத்துவமனையில் மற்ற இடங்களிலிருந்து வந்த நோயாளிகள் வராந்தா வரை நிற்கிறார்கள். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கொடுத்து, புதன் பகல் ஒரு மணிக்கு இடம் என்று அனுப்பிவிட்டார்கள். அதுவும் அண்ணி அந்த டாக்டரின் மேஜையை விட்டு நகராமல் நின்றதால் கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயது. தனியாக இருக்கிற மனுஷி.

அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம். விடிந்ததிலிருந்து நானும் அண்ணியும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவரைத் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறோம். பத்து மணிக்கு அவருக்குக் கொஞ்சம் கண் அசந்தபோது, அண்ணி அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பயந்துட்டேன் மங்கை. அன்னிக்கு ஆட்டோவுல ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டேன். இறங்க முடியல. ஆட்டோவத் திருப்பச் சொல்லிட்டேன். வேற காரணமே இல்ல. வெறும் பயம்."

வாய் வரை வந்தது. அவர் தலையைச் சரியாகப் பிடிப்பது போல் குனிந்துகொண்டேன்.

மணி பன்னிரண்டேகால். கிளம்ப வேண்டும். இவரை உயிரோடு அந்த மெஷின் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

எடை 59.6.

பிழைத்தார்.

டிசம்பர் 6, சனி

எடை: 60.1, 58.3. தண்ணீர் 500.

மொய்தீன் பாய் போன் செய்தார். வண்டி எப்படிப் போச்சு என்று ஆவலாகக் கேட்டார். பைப் சரியாகத்தான் வேலை செய்தது பாய் என்றேன்.

மத்தியானம் அவர் தூங்கும்போது அண்ணி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. எப்போதும் கிடையாது. அண்ணிக்கு ஆபரேஷன் தேதி குறித்த அதே மாதம் எனக்கும் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். மூன்றாவது மாடி வரை போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார்.

அண்ணியின் கை நின்றது.

"அப்ப இத்தன வருஷமா அந்தச் சர்க்கரையில்லாத டீ?"

"பொய்தான் அண்ணி."

"அதே மாசமா?"

"ஆமா."

"என்னை வராந்தாவுல வெச்சுக் கேட்டியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. பத்து நாள் முன்னாடி."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலு வருஷம் மங்கை. ஒவ்வொரு நாளும் காலைல எழுந்ததும் நீ கேட்ட அந்த வார்த்தைதான் முதல்ல ஞாபகம் வரும். அதுக்கப்புறந்தான் சாமி பேரு." குரல் உயரவில்லை. "இங்க இருங்க. அவன் இருக்கற வரைக்கும் இங்கயே இருங்க. ஆனா என்கிட்ட மன்னிப்புக் கேக்காத. என்னால இப்ப முடியாது."

சரி என்றேன். கீரையை நான் ஆய்ந்து முடித்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

எடை: 60.4, 58.2. தண்ணீர் 600.

புது மருத்துவமனையில் அவருக்கு ஜன்னலோரக் கட்டில். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றி மெஷினை ஓட விட்டார்கள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்தார். "இன்னும் மூணு மணி ஐம்பது நிமிஷம் இருக்கு. ஆரம்பத்துலேருந்து சொல்லு."

சொன்னேன். லேப் வாசல், சர்க்கரை, அண்ணியிடம் நான் கேட்ட கேள்வி, போன வருஷம் சப்வே, போன திங்கட்கிழமை அவர் கழற்றி மாட்டிய சட்டை. காருக்குக் குழாய் வைத்தது அவருக்காக மட்டும் இல்லை என்பதையும் சொன்னேன். அண்ணி வாசலுக்குப் போகாமலே உங்களைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் வைத்தேன் என்றேன். அண்ணியைப் பார்த்தால் எனக்கு என்னையே பார்க்க வேண்டியிருக்கும் என்றேன்.

இடையில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "லேப் கதவத் தொறந்தியா?"

"கைப்பிடில கைய வெச்சேன்."

"தொறக்கல."

"தொறக்கல."

அதன் பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசவில்லை. தூங்கவும் இல்லை, கண் திறந்தே இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா என்று பல தடவை தோன்றியது. போகவில்லை.

மெஷின் நின்றது. நர்ஸ் ஊசிகளை உருவிவிட்டு, பஞ்சை வைத்து, "பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க" என்று சொல்லிப் போனார். நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் தன் வலது கையாலேயே அழுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பஞ்சின் ஓரத்தில் சிவப்புப் படர்ந்தது. அவர் விரல்களில் வலு இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"எனக்கு வரல" என்றார். "நீ பிடி."

பிடித்துக்கொண்டேன்.